நிலவறை கண்ட நாவலாசிரியர்

சென்ற மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்தமையால் வெளியே செல்ல வழியில்லை. விடுமுறைக்கு வந்திருந்த என் பேரன் தொலைக்காட்சிப் பெட்டியில் ஓர் ஆங்கிலப் படத்தை ஓடவிட்டு, அதன் பெயரைச் சொன்னால் தாத்தா எழுந்து வந்துவிடுவார் என்பதை நன்கறிந்தவனாக என்னை அழைத்தான். 'கால யந்திரம்' என்பது பெயர். எச். ஜி. வெல்ஸ் 1895ஆம் ஆண்டு வெளியிட்ட சிறு நாவலைத் தழுவி, 2002ஆம் ஆண்டு அமெரிக்காவில் எடுக்கப்பெற்ற படம் அது.

அந்நூலுக்கும் எனக்கும் உள்ள உறவு பழையது. ஆசிரிய கலாசாலையில் பயின்ற நாளில், அட்டை கிழிந்த பிரதி ஒன்றை எடுத்துச் சென்று ஒரே இரவில் வாசித்து முடித்தேன். பின்னர், மாணவர் கண்களில் உறக்கம் தட்டும் பிற்பகற் பொழுதுகளில், அதன் கதையை வகுப்பிற் பலமுறை சொல்லியிருக்கிறேன். படத்தை நெறிப்படுத்திய சைமன் வெல்ஸ் என்பார் நாவலாசிரியரின் பூட்டப்பிள்ளை என்பதை அறிந்தபோது என் ஆவல் இருமடங்காயிற்று. பூட்டனாரின் கதையைப் பூட்டப்பிள்ளை சொல்லுகையில், பிறர் சொல்லுகையில் வாராத ஒன்று வந்து சேரும் என்று எதிர்பார்த்தேன்.

படம் ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஓடியது. நியூ யோர்க் நகரத்துப் பேராசிரியர் ஒருவரின் காதலியைக் கள்வன் ஒருவன் சுட்டுக் கொல்லுகிறான். அவளை மீட்பதற்காகவே அவர் காலத்திற் பயணஞ் செய்யும் யந்திரத்தை அமைக்கிறார். பின்னோக்கிச் சென்று கள்வனிடமிருந்து காத்தாலும் அவள் வேறொரு விபத்தில் மாள்கிறாள். நடந்ததை மாற்ற இயலாமைக்குக் காரணந் தேடி அவர் எதிர்காலத்துக்குப் போகிறார். அங்கே சந்திரன் உடைந்து சிதறுவதைக் காண்கிறார். ஈற்றில் 802,701ஆம் ஆண்டைச் சென்றடைகிறார். இதுவரையிற் குறை சொல்வதற்கில்லை. கண்ணாடிக் கூரையின் கீழே யந்திரம் ஓட, வெளியே கட்டடங்கள் எழுந்து நகரமே உருமாறும் காட்சியை நானும் வாய் திறந்தே பார்த்தேன். பிற்பாதியிலேதான் நெஞ்சு சோர்ந்தது. மலைச்சரிவில் வாழும் நல்லோர். நிலத்தின் கீழே வாழும் கொடியோர். துரத்தல், ஓட்டம், குத்து, வெட்டு. முடிவில் கதாநாயகர் தம் யந்திரத்தையே வெடிக்கச் செய்து கீழுலகத்தாரைக் கூண்டோடு அழிக்கிறார். சுபம்.

படம் முடிந்ததும் பேரன் இரண்டு வினாக்களை எழுப்பினான். கீழே வாழ்ந்தவர்கள் ஏன் அவ்வாறு ஆனார்கள் என்பது ஒன்று. அவர்கள் எல்லாரையும் கொன்றது சரிதானா என்பது மற்றையது. முதல் வினாவுக்குப் படம் ஒரு விடை தருகிறது. சந்திரன் உடைந்த காலத்திற் சிலர் நிலத்தடியில் ஒளித்தனர், சிலர் மேலே தங்கினர். இருசாராரும் இரண்டு இனமாயினர் என்பதே அது. இரண்டாவது வினாவைப் படம் நினைத்தும் பார்க்கவில்லை. பையனுக்கு வயது 13. அவனுக்கு நான் கொடுத்த விடை வெல்ஸ் அவர்களின் வாழ்க்கை வரலாறாகவே நீண்டுவிட்டது. அதனையே இங்கு எழுதுகிறேன்.

சப்பாத்துக்களின் உலகம்

ஹேர்பேர்ட் ஜோர்ஜ் வெல்ஸ் 1866ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் 21ஆந் திகதி, இலண்டனுக்குத் தென்கிழக்கே உள்ள புறொம்லி என்னும் ஊரின் கடைத்தெருவிற் பிறந்தார். வீட்டுக்கு 'அற்லஸ் இல்லம்' என்று பெயர். பெயரில் இருந்த பெருமை வீட்டில் இருக்கவில்லை. முன்னே பீங்கானும் கண்ணாடியும் விற்கும் கடை. அதன் பின்னே ஒடுங்கிய அறை. அவற்றுக்குக் கீழே நிலவறையிற் குசினி. அக்குசினிக்கு வெளிச்சம் வந்த வழி, தெருவோர நடைபாதையிற் பதித்திருந்த கம்பித் தட்டி ஒன்றே. குழந்தை வெல்ஸ் கீழிருந்து அண்ணாந்து பார்க்கும்போது உலகத்தாரின் முகங்கள் தெரியமாட்டா. அவர்களுடைய சப்பாத்துக்களே தெரியும். புதியன, தேய்ந்தன, ஒட்டுப் போட்டன, ஓட்டை விழுந்தன என்று எத்தனையோ வகைச் சப்பாத்துக்கள் தலைக்கு மேலே சென்றன. நாற்பது வயதளவில், வறுமையைப் பற்றி ஒரு சிறு பிரசுரம் எழுத முற்பட்டபோது, வெல்ஸ் இந்தச் சப்பாத்துக்களையே அதன் பொருளாகக் கொண்டார். அறிவு விளங்குமுன் கண்ணிற் பட்ட காட்சி அத்துணை ஆழமாகப் பதிந்திருந்தது.

தந்தையார் ஜோசப் வெல்ஸ் கடையை விடக் கிரிக்கெற் ஆட்டத்தையே பெரிதும் நேசித்தவர். 1862ஆம் ஆண்டு கென்ற் அணிக்காகச் சசெக்ஸ் அணிக்கு எதிரே பந்து வீசி, அடுத்தடுத்த நான்கு பந்துகளில் நால்வரை ஆட்டமிழக்கச் செய்தார். முதல்தர ஆட்டங்களில் அதற்குமுன் எவரும் அதனைச் செய்ததில்லை. பீங்கான் கோப்பைகளுடன் கிரிக்கெற் மட்டைகளும் அக்கடையில் விற்பனைக்கு வைக்கப்பட்டிருந்தன. ஆட்டத்தால் வந்த சிறு வருவாயே குடும்பத்தின் முக்கிய ஊன்றுகோல். 1877ஆம் ஆண்டு அவர் விழுந்து தொடையெலும்பை முறித்துக்கொள்ள, அந்த ஊன்றுகோலும் முறிந்தது.

தாயார் சாரா நீல், மணமாகுமுன் அப்பார்க் என்னும் பெருமனையிற் பணிப்பெண்ணாக இருந்தவர். இறைவனுக்கும் மகாராணிக்கும் அஞ்சியவர். உலகம் மேலோர், கீழோர் என வகுக்கப்பட்டிருப்பது தெய்வ சங்கற்பம் என்று நம்பியவர். தம் ஆண்மக்கள் புடைவைக் கடை உதவியாளராகக் கறுப்புச் சட்டையும் வெள்ளைக் கழுத்துப்பட்டியும் அணிந்து நிற்க வேண்டும் என்பதே அவருடைய உயர்ந்த இலட்சியம். மூத்தவர் இருவரையும் அவ்வழியிலேயே அனுப்பினார்.

இளையவருக்கு ஏழு வயதில் ஒரு விபத்து நேர்ந்தது. 1874ஆம் ஆண்டு, விளையாட்டாக அவரைத் தூக்கி எறிந்த ஒருவரின் கை தவறியதாற் கால் முறிந்தது. வாரக் கணக்கிற் படுக்கையிற் கிடந்த பிள்ளைக்குத் தந்தையார் நூல்களைக் கொணர்ந்து கொடுத்தார். மிருகங்களையும் தூர தேசங்களையும் பற்றிய அந்நூல்கள் கம்பித் தட்டிக்கு அப்பாலும் உலகம் உண்டு என்று காட்டின. அந்தக் கால் முறிந்திராவிடில் தாமும் புடைவைக் கடையிலேயே மாய்ந்திருக்கக்கூடும் என்று பிற்காலத்தில் அவர் எண்ணிப் பார்த்ததுண்டு.

மேல்மாடியும் கீழ்மாடியும்

1880ஆம் ஆண்டு குடும்பம் சிதறியது. தாயார் தம் பழைய அப்பார்க் மாளிகைக்கே வீட்டு மேற்பார்வையாளராகத் திரும்பினார்; கணவர் கடையிலேயே தங்க நேர்ந்தது. அப்போது எசமானியாக இருந்த அம்மையாரின் கதையும் விநோதமானது. அம்மாளிகையின் பழைய பிரபு ஒருவர், 1825ஆம் ஆண்டு, எழுபது வயதில், தம் பாற்பண்ணையில் வேலை செய்த இளம் பெண்ணை மணந்து சொத்தனைத்தையும் அவளுக்கே விட்டுச் சென்றார். அவளுக்குப் பின் அச்சொத்து அவளுடைய தங்கைக்கு வந்தது. அந்தத் தங்கையிடமே சாரா பணிபுரிந்தார். மேலோர், கீழோர் என்பது தெய்வ சங்கற்பமோ ஒருவரின் திருமணப் பத்திரமோ என்று இளைஞர் வெல்ஸ் ஐயுறுவதற்கு அம்மாளிகையே போதிய சான்றாயிருந்தது.

அப்பார்க் மாளிகையின் அமைப்பை வாசகர் மனத்திற் கொள்ளல் வேண்டும். குன்றின்மேல் வீற்றிருக்கும் அழகிய கட்டடம் அது. அடுக்களையும் குதிரை இலாயமும் தனிக் கட்டடங்களாகத் தள்ளி நிற்கின்றன. அவற்றையும் மாளிகையையும் இணைப்பவை நிலத்தடிச் சுரங்கப் பாதைகள். மேலே புல்வெளியில் உலாவும் கனவான்களின் கண்ணிற் படாமல், கீழே ஏவலாளர் உணவுத் தட்டுகளைச் சுமந்து ஓடுவர். ஆங்காங்கே புற்றரையில் திறந்திருக்கும் துவாரங்களின் வழியாக மட்டும் சுரங்கத்துக்குச் சிறிது வெளிச்சம் இறங்கும். வெல்ஸின் தாயார் வாழ்ந்தது இந்தக் கீழ்ப்பகுதியில்.

ஆனால் அவ்வீட்டிலே மேல்மாடியும் ஒன்று இருந்தது. அங்கே பரணிற் கிடந்த தொலைநோக்கியின் உறுப்புகளைத் தாமே பொருத்தி, இரவிற் சந்திரனின் பள்ளங்களைப் பார்த்தார் வெல்ஸ். பழைய பிரபுவின் நூல்களுள் சுவிவ்றின் 'கலிவரின் யாத்திரை'யையும், வோல்ரேயரையும், பிளேற்றோவின் 'குடியரசை'யும் கண்டெடுத்தார். சமுதாயம் என்பது மனிதன் அமைத்தது, ஆகையால் மனிதனால் மாற்றி அமைக்கப்படக் கூடியது என்னும் எண்ணத்தை அவருக்குப் பிளேற்றோ தந்தார். ஒரு மாரிகாலத்திற் பனி பெய்து மாளிகை வெளியுலகினின்றும் துண்டிக்கப்பட்டபோது, பணியாளர்களுக்காக நாள்தோறும் கையாற் பத்திரிகை எழுதி வெளியிட்டார். அவர்களுக்கு நிழற்பாவைக் கூத்தும் நடத்திக் காட்டினார். அவருடைய முதல் வாசகர் கூட்டம் கீழ்மாடியிலேதான் கூடியது.

பதினேழு மைல்

தாயார் வீட்டை விட்டுச் சென்ற அதே ஆண்டில், 13 வயதில், வெல்ஸ் வின்சர் நகரத்துப் புடைவைக் கடை ஒன்றிற் சேர்க்கப்பட்டார். இதைச் சொன்னபோது என் பேரன் நிமிர்ந்து உட்கார்ந்தான். அங்கே கணக்குத் தவறியது; மனம் வேலையில் நிற்கவில்லை; திருப்பி அனுப்பிவிட்டார்கள். பின்னர்ச் சிலநாள் ஒரு கிராமப் பள்ளியில் மாணவ ஆசிரியர். சிலநாள் மிட்ஹேர்ஸ்ற் என்னும் ஊரில் மருந்துக் கடைப் பயிலுநர். மருந்தின் பெயர்கள் இலத்தீனில் இருந்தமையால் அவ்வூர்ப் பள்ளித் தலைமையாசிரியர் ஹொரஸ் பயற் என்பாரிடம் இலத்தீன் பயின்றார். சில வாரங்களிலேயே மாணவன் ஆசிரியரை வியக்கச் செய்தான். ஆயினும் மருந்துக் கடையிற் பயிலக் கட்டவேண்டிய பணம் தாயாரின் சக்திக்கு மேற்பட்டது. 1881ஆம் ஆண்டு மறுபடியும் புடைவைக் கடை. இம்முறை துறைமுகப் பட்டினமான சவுத்சீயில்.

அங்கே இரண்டு ஆண்டுகள் கழிந்தன. நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேர வேலை. இரவில் மற்றைய பயிலுநர்களுடன் ஒரே கூடத்தில் உறக்கம். துணியை விரித்தலும் மடித்தலும், தூசு தட்டலும், ஊசிகளைப் பொறுக்கலும், நின்றபடியே வாடிக்கையாளருக்காகக் காத்திருத்தலுமாகப் பகல் முழுவதும் கழியும். தப்பிக்க வழியில்லையேல் உயிரை மாய்த்துக்கொள்ளலாம் என்று எண்ணும் அளவுக்கு அவர் மனம் உடைந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில், எதுவும் உண்ணாமல், எவரிடமும் சொல்லாமல், பதினேழு மைல் நடந்து அப்பார்க் சேர்ந்தார். தேவாலயத்திலிருந்து பணியாளர் ஊர்வலமாக மலையேறி வரும் வழியிற் காத்து நின்று தாயாரைச் சந்தித்தார். இனிக் கடைக்குப் போகமாட்டேன் என்பதே அவர் கொண்டு வந்த செய்தி. கடன்பட்டுக் கட்டிய ஒப்பந்தப் பணம் வீணாகுமே என்று கலங்கிய தாயார், நெடுநாள் தயங்கி, ஈற்றில் இசைந்தார். அதே வேளையில் பயற் தம் பள்ளியில் உதவி ஆசிரியர் இடம் ஒன்றை அளிக்க முன்வந்தார். 1883ஆம் ஆண்டு, ஏறத்தாழப் பதினேழு வயதில், வெல்ஸ் கடையிலிருந்து விடுதலை பெற்றார்.

ஆசிரியர்களாகிய நம்மிற் பலர் தம் வாழ்நாளில் ஒரு முறையேனும் அந்தப் பயற் ஆகும் வாய்ப்பைப் பெறுகின்றோம். அதனை உணராமற் கைநழுவ விடுவோரும் உளர்.

மாணவரும் ஆசிரியரும்

பயற் மாலை வகுப்புகள் நடத்துபவராகத் தம் பெயரைப் பதிந்து, வெல்ஸைத் தாமே விஞ்ஞான நூல்களைப் படித்துப் பரீட்சை எழுதச் செய்தார். பெறுபேறு நன்றாயின் அரசாங்கம் ஆசிரியருக்குப் பணம் கொடுத்த காலம் அது. ஆசிரியருக்குப் பணமும் மாணவருக்கு வாழ்வும் கிடைத்தன. 1884ஆம் ஆண்டு வெல்ஸ் இலண்டன் தென் கென்சிங்ரனில் இருந்த விஞ்ஞானக் கல்லூரியில் இலவச இடமும், வாரம் ஒரு கினி உதவிப் பணமும் பெற்றுச் சேர்ந்தார். அங்கே உயிரியல் கற்பித்தவர் தோமஸ் ஹக்ஸ்லி. டார்வினின் கொள்கைக்காக அறிஞர் சபைகளில் வாதாடிய பேரறிஞர். ஹக்ஸ்லியின் வகுப்பில் இருந்த அந்த ஓராண்டே தம் கல்வியின் சிகரம் என்று வெல்ஸ் கருதினார். உயிர்கள் மாறும், மாறுவது எப்போதும் மேல்நோக்கியே அன்று, பயன்படுத்தாத உறுப்புத் தேய்வது போல, போராட்டம் அற்ற இனமும் தேய்ந்து போகும் என்பது அங்கே அவர் கற்ற பாடம்.

ஹக்ஸ்லி நோயுற்று விலகிய பின்னர் மற்றைப் பாடங்களில் வெல்ஸின் மனம் பற்றவில்லை. மாணவர் பத்திரிகையும் சமதர்ம விவாதமும் அவரை ஈர்த்தன. 1887ஆம் ஆண்டு இறுதிப் பரீட்சையில் தவறிப் பட்டமின்றி வெளியேறினார். வேல்ஸ் நாட்டின் மூலையில் ஒரு சிறு பள்ளியில் ஆசிரியரானார். அங்கே உதைபந்தாட்டத்தின் போது ஒரு மாணவன் உதைத்த உதையாற் சிறுநீரகம் நசுங்கியது. தொடர்ந்து இரத்தமும் கக்கினார். வைத்தியர் சயரோகம் என்றனர். தாயாரின் கீழ்மாடிக்கே மீண்டும் திரும்பி மாதக் கணக்கிற் படுத்திருந்தார். அடுத்த ஆண்டில், முன்பு தாம் தொடங்கிய மாணவர் பத்திரிகையில், காலத்திற் பயணஞ் செய்யும் ஒருவனைப் பற்றிய அரைகுறைக் கதை ஒன்றை மூன்று பகுதிகளாக வெளியிட்டார். பின்னாளில் அந்தக் கதையைப் பற்றி அவருக்கே வெட்கம்.

பின்னர் இலண்டன் கில்பேர்ன் பகுதியில் ஒரு தனியார் பள்ளியிற் கற்பித்தார். சிறுவர் இலக்கியத்திற் புகழ் பெற்ற ஏ. ஏ. மில்ன் அங்கே அவருடைய மாணவர். 1890ஆம் ஆண்டு வெளிவாரி மாணவராக விலங்கியலிற் பட்டம் பெற்றார். தபால்மூலம் கற்பிக்கும் கல்லூரி ஒன்றில் விரிவுரையாளராகி, 1893ஆம் ஆண்டு உயிரியற் பாடநூல் எழுதி வெளியிட்டார். அவர்தம் முதல் நூல்களுள் அது ஒன்று. கால யந்திரத்தை அமைத்தவர் பரீட்சைக்குக் குறிப்பு எழுதிக் கொடுத்த ஓர் ஆசிரியர் என்பதை நம் மாணவர்கள் மறத்தல் ஆகாது.

அந்த 1893ஆம் ஆண்டு பொல்லாத ஆண்டு. தொடக்கத்தில், எழுபது வயதுத் தாயாரை அப்பார்க் மாளிகை வேலையிலிருந்து நீக்கியது. மே மாதத்தில் வெல்ஸ் மறுபடியும் இரத்தம் கக்கினார். வகுப்பறையில் நின்று கற்பிக்கும் வாழ்வு முடிந்தது. தாய், தந்தை, வேலையிழந்த தமையனார் ஆகியோருக்குச் சோறிடும் பொறுப்பு அவர் தலையில் வீழ்ந்தது. அதே காலத்தில், 1891இல் மணந்த ஒன்றுவிட்ட சகோதரியான இசபெல்லை விட்டுப் பிரிந்து, தம் மாணவியாகிய கதரினுடன் வாழத் தலைப்பட்டார். அவரை 1895இல் மணந்தார். இந்தப் பிரிவிலும், பிற்காலத்து வேறு உறவுகளிலும், பெண்டிருக்கு அவர் இழைத்த துன்பத்தை நாம் மூடி மறைக்க வேண்டியதில்லை.

படுக்கையிற் கிடந்தபடியே பத்திரிகைகளுக்குச் சிறு கட்டுரைகள் எழுதிப் பிழைத்தார். 1894ஆம் ஆண்டு கோடையில், செவனோக்ஸ் என்னும் ஊரில் வாடகை அறை ஒன்றில் இருந்துகொண்டு, பழைய அரைகுறைக் கதையை எடுத்துப் புதிதாக எழுதினார். விளக்கு நெடுநேரம் எரிகிறதென்று வீட்டுக்காரி சன்னலுக்கு வெளியே நின்று முணுமுணுக்க, அந்துப்பூச்சிகள் விளக்கைச் சுற்ற, இரவெல்லாம் எழுதினார். அடுத்த ஆண்டு பத்திரிகையில் தொடராகவும் நூலாகவும் 'கால யந்திரம்' வெளிவந்தது. அச்சான பிரதி ஒன்றைப் பழைய ஆசிரியரான ஹக்ஸ்லிக்கு அனுப்பி, பாதுகாப்பு மிகுந்தால் இனம் சீரழியும் என்பதே இதன் கருத்து என்று எழுதினார். சில வாரங்களில் ஹக்ஸ்லி காலமானார்.

நூல் சொல்லும் விடை

நூலிலே காதலி இல்லை, கள்வன் இல்லை, உடைந்த சந்திரனும் இல்லை. இலண்டனையடுத்த றிச்மண்டில் வாழும் விஞ்ஞானி ஒருவர், அறியும் ஆவல் ஒன்றினாலேயே 802,701ஆம் ஆண்டுக்குப் போகிறார். அங்கே மேலே வாழும் ஈலோய் மக்கள் அழகும் மென்மையும் உடையவர், சிந்திக்க இயலாதவர், பழங்களை உண்டு பூக்களுடன் விளையாடி இருளுக்கு அஞ்சி நடுங்குபவர். கீழே கிணறு போன்ற துவாரங்களின் அடியில் யந்திரங்களை இயக்கும் வெளிறிய மோர்லொக் மக்கள். அவர்களே ஈலோய்களுக்கு உடையும் உணவும் உண்டாக்குகின்றனர். இருட்டில் மேலேறி வந்து அவர்களையே உணவாகவும் கொள்கின்றனர். இவர்கள் எங்கிருந்து வந்தனர் என்று சிந்திக்கும் பயணி, தம் காலத்து இலண்டனையே நினைக்கிறார். நிலத்தடி இரயில், நிலத்தடி வேலைத்தலம், நிலத்தடி உணவுச்சாலை எனத் தொழிலாளர் ஏற்கனவே வெயிலிலிருந்து கீழே இறக்கப்பட்டு வருகின்றனர். செல்வந்தரோ மேலே வேலியடைத்துக்கொள்கின்றனர். எண்ணாயிரம் நூற்றாண்டுகள் இதனையே தொடர்ந்தால் என்ன நேரும்?

பேரனின் முதல் வினாவுக்கு நூல் கூறும் விடை இதுவே. மோர்லொக் மக்களை உண்டாக்கியது சந்திரன் அன்று, சாப்பாட்டுத் தட்டு. சாப்பாடு எங்கிருந்து வருகிறது என்று கேளாமல் உண்டவர்கள் ஒருபுறம். வெளிச்சம் காணாமல் அதனைச் சுமந்தவர்கள் மறுபுறம். புல்வெளியில் திறந்திருந்த துவாரங்களையும் அவற்றின் கீழே நடமாடிய மனிதர்களையும் வெல்ஸ் கற்பனை செய்யவேண்டியிருக்கவில்லை. தாயார் நடந்த சுரங்கத்தையே எண்ணாயிரம் நூற்றாண்டு நீட்டினார் என்பது என் துணிபு. படத்திலும் மனிதரின் பேராசையே சந்திரனைச் சிதைக்கிறது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் யார் மேலே நின்றார், யார் கீழே போனார் என்பது அங்கே வெறும் தற்செயல். தற்செயலுக்கு எவரும் பொறுப்பாளியல்லர். பார்க்கும் நாமும் பொறுப்பின்றி எழுந்து போகிறோம்.

இரண்டாவது வினா இன்னும் கடினமானது. நூலின் பயணியும் மோர்லொக் மக்களை வெறுக்கிறார். இருளில் இரும்புத் தண்டால் அவர்களை அடிக்கவுஞ் செய்கிறார். வெல்ஸ் அவர்களுக்கு அழகோ அன்போ வழங்கவில்லை. கீழிருந்து தப்பி ஏறி வந்தவனுக்கே கீழுலகைப் பற்றிய அச்சம் மிகுதி. மறுபடி இழுத்துக்கொள்ளும் கை அங்கே இருக்கிறது என்பதை அவன் அறிவான். ஆயினும், அவர்களை அழித்து வெற்றி கொண்டாடும் முடிவை அவர் எழுதவில்லை. பயணி தோற்றவராகவே திரும்பி வந்து, தாம் கண்டதை விருந்தினருக்குச் சொல்லி, மறுநாள் மீண்டும் புறப்பட்டு மறைகிறார். எஞ்சியவை, ஈலோய்ப் பெண் ஒருத்தி அவர் சட்டைப் பையில் வைத்த வாடிய வெள்ளைப் பூக்கள் இரண்டு. கீழுலகம் அப்படியே இருக்கிறது. அதனைப் பற்றி என்ன செய்வது என்னும் வினாவும் வாசகரிடமே இருக்கிறது.

பின்னைய நாட்கள்

அதன்பின் வெல்ஸின் புகழ் விரைந்து வளர்ந்தது. 'டொக்டர் மோரோவின் தீவு' 1896இல். 'புலப்படா மனிதன்' 1897இல். செவ்வாய்க் கிரகத்தார் படையெடுக்கும் 'உலகங்களின் போர்' 1898இல். புடைவைக் கடை வாழ்வை 1905இல் 'கிப்ஸ்' நாவலிலும், அப்பார்க் மாளிகையை 1909இல் 'டோனோ பங்கே'யிலும் வேறு பெயரில் வரைந்தார். அணுவின் ஆற்றலாற் செய்த குண்டுகளை 1914ஆம் ஆண்டே கதையில் எழுதினார். அந்நூலை 1932இல் வாசித்த லியோ சிலார்ட் என்னும் பௌதிக அறிஞர், மறு ஆண்டில் அணுத் தொடர்வினை பற்றிய எண்ணத்தை எய்தினார்.

நம்மவர் மறவாமற் குறிக்கவேண்டிய குறை ஒன்றும் உண்டு. 1901ஆம் ஆண்டு எதிர்காலத்தைப் பற்றி எழுதிய நூலில், திறமையற்றவை என்று தாம் கருதிய வெள்ளையரல்லாத இனங்கள் மறைந்தொழிய வேண்டியவையே என்று அவர் ஈரமின்றி எழுதினார். தம் நாட்டு நிலவறையைக் கண்டவர், பேரரசின் நிலவறையில் இருந்தவர்களைக் காணத் தவறினார். ஆயினும் நான்கே ஆண்டுகளில் இனத் துவேஷத்தைக் கண்டித்து எழுதினார். 1940ஆம் ஆண்டு மனித உரிமைகளை இனமும் நிறமும் பாராமல் எல்லார்க்கும் உரியனவாக வகுத்து வெளியிட முன்னின்றார். கற்றுத் திருந்துதல் அவரிடம் ஈற்றுவரை நின்ற குணம்.

விஞ்ஞானப் படம் பார்த்து ஏமாந்தவர்களுள் வெல்ஸும் ஒருவர் என்று சொன்னபோது பேரன் சிரித்துவிட்டான். பிரிற்ஸ் லாங் ஜேர்மனியில் எடுத்த 'மெற்றோபொலிஸ்' என்னும் படத்தை 1927ஆம் ஆண்டு அவர் பார்த்தார். மேலே செல்வர் பூங்காவில் மகிழ, கீழே தொழிலாளர் யந்திரத்துடன் மடியும் நகரம் அதிலே வருகிறது. உலகம் போற்றிய அப்படத்தை வெல்ஸ் ஓர் அமெரிக்கப் பத்திரிகையில் இரக்கமின்றிச் சாடினார். அவருடைய குற்றச்சாட்டு நம்முடையதன்று. மேலுலகம், கீழுலகம் என்பது தம் இளமைக் காலத்துப் பழைய அச்சம். யந்திரம் வளர வளர வெற்று உடலுழைப்புக்கே தேவை குறையும். இதனை அறியாமல் முப்பது ஆண்டுப் பழங்கதையைப் புதிதென்று காட்டுகிறார்களே என்பதே அவர் கோபம். தம் சொந்தக் கனவையும் காலங் கடந்ததென்று தள்ளத் துணிந்த மனம் அது. அவர் சொன்னது முழுவதும் பலித்ததா என்பது வேறு. ஒன்பது ஆண்டுகளின் பின்னர், 1936இல், தாமே திரைக்கதை எழுதி 'வருங்காலம்' பற்றிய படத்தை உருவாக்க உதவினார். அதுவும் அவருக்கு நிறைவளிக்கவில்லை. ஆகவே பூட்டப்பிள்ளையின் படத்தை நாம் மிகவும் கடிந்துகொள்ள வேண்டியதில்லை. பூட்டனாருக்கும் கை நழுவிய கலையே அது.

உலகப் போரில் இலண்டன்மீது குண்டு மழை பொழிந்த காலத்திலும் அவர் நகரை விட்டு நீங்கவில்லை. ஹிரோஷிமாவின் செய்தியையும் கேட்டார். 1946ஆம் ஆண்டு ஓகஸ்ற் 13ஆந் திகதி, தம் இல்லத்தில், 79 வயதிற் காலமானார். சாம்பல் கடலிற் தூவப்பட்டது.

கதை முடிந்ததென்று நான் எண்ணினேன். அந்த அம்மாவுக்குப் பிறகு என்ன நடந்தது என்று பேரன் கேட்டான். வேலையிழந்த தாயாரையும் தந்தையாரையும் வெல்ஸ் தம் பேனாவால் வந்த வருவாயைக் கொண்டு ஒரு சிறு வீட்டிற் சேர்த்து வாழவைத்தார்; தாயார் 1905ஆம் ஆண்டுவரை இருந்தார்; மகன் பெற்ற புகழைக் கண்ட பின்னரே கண்ணை மூடினார் என்று சொன்னேன். அவன் சற்றுநேரம் பேசாதிருந்துவிட்டு, என் அலுமாரியிலிருந்து நூலை எடுத்துத் தரும்படி கேட்டான்.

அன்றிரவு நெடுநேரம் அவன் அறையில் விளக்கு எரிந்தது. செவனோக்ஸ் வீட்டுக்காரியைப் போல நான் முணுமுணுக்கவில்லை.